குண்டூசி குத்தாத தலையணை

எனக்கு வேர்க்கும் கை. வெயில், குளிர் என்று இல்லை, உள்ளங்கையில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கும். அந்த ஈரம் மட்டும் இல்லாவிட்டால் நானும் மற்றப் பெண்களைப் போல லேஸ் பின்ன உட்கார்ந்திருப்பேன். வைக்கோல் அடைக்கிற வேலைக்கு வந்திருக்க மாட்டேன்.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால், சர்ச்சை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டடம். சிஸ்டர்கள் அங்கே லேஸ் கூடம் நடத்தினார்கள். அரியலூரைப் பிடித்துப் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்திருந்த காலம் அது. அப்புறம் பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள், திரும்பப் பிரித்தார்கள். எங்கள் வீட்டு விலாசம் மாறிக்கொண்டே இருந்தது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த என்னை, "எங்கனா போயி எதாவது கத்துக்கிட்டு வா, வூட்டுல இருந்து எங்க உசுர வாங்காத" என்று சொல்லி அம்மா அங்கே அனுப்பினாள்.

கூடத்துப் பெரிய சிஸ்டர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். யாரைக் கூப்பிட்டாலும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் என்னிடம் நூலைக் கொடுத்தார். சாயங்காலம் வாங்கிப் பார்த்தார். வெள்ளை நூல் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. "கை வேர்க்குது மக்களே. இதுக்கு மருந்து கிடையாது. நீ தலையணை செய்யப் பழகிக்கோ" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் மூங்கில் கூடை முடைகிறவர் மகளுக்கு வைக்கோல் ஒன்றும் கேவலம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த லேஸ் கொக்கி ஊசியால் பின்னுகிற ரகம் இல்லை. அதற்கு ஒரு உருளைத் தலையணை வேண்டும். அதன் மேல் ஓட்டை போட்ட அட்டையைச் சுற்றி, ஓட்டைகளில் குண்டூசி குத்துவார்கள். நூல்களின் நுனியில் விரல் நீளத்துக்கு மரக்கட்டைகள் தொங்கும். கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றிப் போட்டுக்கொண்டே போனால், குண்டூசிகளைச் சுற்றி நூல் பின்னிக்கொண்டு பூவும் வலையுமாக இறங்கும். அதற்குத் தாங்கல் தலையணைதான். தலையணை சரியில்லை என்றால் எவ்வளவு கைத்திறன் இருந்தும் ஒன்றும் ஆகாது.

தலையணையில் போவது வைக்கோல்தான், ஆனால் எல்லா வைக்கோலும் ஆகாது. டிராக்டர் ஏறியது, மாடு மிதித்தது எல்லாம் நொறுங்கிவிடும். கையால் அடித்த கதிரின் தாளாக இருக்க வேண்டும். திருமானூர்ப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும். தோகையை உருவிப் போட்டுவிட்டு, தாளை மட்டும் வெயிலில் காயவைத்து, சம நீளத்துக்கு வெட்டுவேன். காடாத் துணியில் தைத்த பையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பிடி பிடியாக உள்ளே நிறுத்தி, குட்டை உலக்கையால் இடிப்பேன். இடிக்க இடிக்க இறங்கும். மேலே இன்னொரு பிடி, திரும்பவும் இடி. குண்டூசி ஏறும்போது வைக்கோல் வழிவிட வேண்டும், ஏறினபிறகு பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதம் வந்ததும் கோணி ஊசியால் வாயைத் தைத்து, மேலே கருநீல உறை போட்டுவிடுவேன். நான் யாருடனாவது சண்டை போட்டுவிட்டு வருகிற நாளில் அடைத்த தலையணைதான் கெட்டியாக வருகிறது என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் உண்மை இருந்தது.

ஊரில் அந்தக் கூடத்தைப் பற்றி நல்ல பேச்சு இல்லை. மோர் விற்க வரும் பெண் வாசற்படியைத் தாண்ட மாட்டாள். காரணம் அவள் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. சிமென்ட் லாரிகள் ஓயாமல் போகிற ரோடு அது, எங்கே பார்த்தாலும் தூசி. சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் தங்கள் தலையணையை வெள்ளைத் துணியால் முழுக்க மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நீளமான பெஞ்சுகளில் வரிசையாக, தலை கால் தெரியாமல் போர்த்தி வைத்த உருவங்கள். "எல்லாத்தையும் இப்படிப் போத்திப் போட்டுட்டு எப்புடித்தான் சோறு எறங்குதோ" என்பாள் மோர்க்காரி.

அந்த நேரத்தில் நான் மட்டும் உள்ளே இருப்பேன். எனக்குப் பேய் பயம் கிடையாது. எங்கள் வீட்டு மனுஷர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பேயிடம் பயப்பட என்ன இருக்கிறது. ஆனாலும் உச்சி வெயிலில் ஓடு காயும்போது, இறுக்கி அடைத்த வைக்கோல் உள்ளுக்குள் முறியும். ஒரு மூலையில் டப் என்று கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூலையில் கேட்கும். போர்த்தின துணி லேசாக அசையும். காரணம் தெரிந்தும் நான் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்ப்பேன்.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். சத்தம் காற்றில் வருவதற்கு முன்பே அதிர்வு தரையில் வந்துவிடும். கூடம் அமைதியாக இருக்கும். திடீரென்று யாரும் தொடாமல் எல்லாத் தலையணைகளிலும் கட்டைகள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிலுகிலுக்கும். அத்தனை பெண்களும் கைகளைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அப்புறம்தான் வெடி கேட்கும். கட்டைகள் அடங்கினதும் எதுவும் நடக்காததுபோல வேலையைத் தொடர்வார்கள். புதிதாக வருகிற பெண்கள் முதல் தடவை அழுதுவிடுவார்கள்.

கூடத்தில் எல்லோரிலும் கை சுத்தம் ஜன்னலோரத்தில் உட்காருகிற ஒரு அக்காவுக்கு. அவள் கட்டைகளைப் போடுவதை நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். பொறாமையாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து அவள் உண்டானாள். வயிறு பெரிதானதும் தலையணையை மடியில் வைக்க முடியவில்லை. எதிரே முக்காலியில் வைத்து, வயிறு அதன்மேல் உரசுகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, மாதம் நிறையும் வரை குண்டூசி குத்திப் பின்னிக்கொண்டிருந்தாள். தாய் இல்லாதவள் என்பதால் பிரசவமும் புருஷன் வீட்டிலேயே ஆயிற்று.

பிள்ளை தங்கவில்லை என்று செய்தி வந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பச்சைப் பிள்ளைக்குக் கொட்டு கிடையாது, பாடை கிடையாது, கருமாதி கிடையாது. துணியில் சுற்றி ஓடைக்கரையிலோ ஏரிக்கரையிலோ புதைத்துவிட்டு வந்து கை கால் கழுவிக்கொள்வார்கள். பெற்றவளிடம் காட்ட மாட்டார்கள். முகத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகாது, அடுத்தது தங்காது என்பார்கள். எந்த இடம் என்றும் சொல்ல மாட்டார்கள். அக்கா மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, பாயைக் கழுவிக் கொல்லையில் காயப்போட்டிருந்தார்களாம். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

ஒரு மாதம் ஆனதும் அக்கா கூடத்துக்கு வந்துவிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் பார்க்க என்னவோபோல் இருந்தது. அவள் உட்கார்ந்ததும் கூடம் முழுக்க மல்லிகைப்பூ வாசம் எழுந்தது. தலையில் பூ இல்லை. கையில் பூ இல்லை. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் வாசமும் கூடவே போனது, வந்து உட்கார்ந்தால் வந்தது. கல்யாணமாகாத பெண்கள் பெஞ்சை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டார்கள். மோகினி வந்தால் இப்படித்தான் பூ மணக்கும் என்று ஒருத்தி இன்னொருத்தி காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

எங்கள் எல்லோரிலும் மூத்தவள் ஒருத்தி இருந்தாள், நாலு பிள்ளை பெற்றவள். அவள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அதுங்களுக்கு என்னா தெரியும். பால் வத்தறதுக்கு மல்லியப் பூவ மாருல வச்சிக் கட்டியிருக்கா. குடிக்கப் புள்ள இல்லாட்டி பாலு நெறி கட்டிக்கும். நீ போயி எதாவது கேட்டு வைக்காத." நான் தலையாட்டிவிட்டு என் உலக்கைக்குத் திரும்பினேன்.

அவள் இல்லாத நாட்களில் அவளுடைய பழைய தலையணையை வேறொரு பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். ஆகவே புதிது ஒன்று அடைக்கச் சொன்னார் சிஸ்டர். என்னால் முடிந்தமட்டும் நன்றாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தாள் பொறுக்கினேன், பார்த்துப் பார்த்து இடித்தேன். உறையைத் தைத்து அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். இப்போது மடியில் இடம் இருந்தது. அவள் அதன்மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ செஞ்சதா" என்றாள். "ஆமாக்கா" என்றேன்.

அன்றைக்கு அவள் அட்டையைச் சுற்றவில்லை. மறுநாளும் இல்லை. குண்டூசி டப்பா திறந்தபடி பக்கத்தில் இருக்கும். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். கால் மட்டும் தன்னால் ஆடிக்கொண்டிருக்கும். "நடக்கட்டும் மக்களே, கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கட்டும்" என்று சிஸ்டர் விட்டுவிட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். கட்டைகள் எல்லாம் கிலுகிலுத்தன. எல்லோரும் கைகளைத் தூக்கிக்கொண்டோம். அவள் மட்டும் சட்டென்று குனிந்து தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஒரு கையால் அதன் ஒரு முனையைப் பொத்திக்கொண்டாள். வெடிச்சத்தம் வந்து போயிற்று. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுத்தாள். அவள் பொத்தியிருந்தது காது இருக்க வேண்டிய இடம். கூடத்தில் ஒரு கட்டை கூட அசையவில்லை. நிமிர்ந்தபோது அவளுடைய ரவிக்கை நனைந்திருந்தது. நான் தைத்த கருநீல உறையில் ஒரு ஈரம் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. மல்லிகை வாசத்துக்கு அடியில் பால் வாசம் வந்தது.

மூத்தவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கன்னு செத்துப்போனா தோல உரிச்சி வைக்கல் திணிச்சி மாட்டு முன்னால நிறுத்துவாங்க பாத்திருக்கியா. மாடு அத நக்கிக்கிட்டே சொரக்கும்" என்றாள் மெதுவாக. பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதற்குக் கண் இருக்காது, இருந்த இடத்தில் தையல் இருக்கும். மாட்டுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு முதல் தடவையாக என் வேலையின்மேல் பயம் வந்தது.

சாயங்காலம் அவள், வீட்டில் வைத்துப் பின்னுகிறேன் என்று சிஸ்டரிடம் கேட்டுத் தலையணையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சிலர் அப்படி வீட்டுக்கு எடுத்துப்போவது உண்டு என்பதால் சிஸ்டரும் சரி என்றார். அட்டையையும் குண்டூசி டப்பாவையும் அவள் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போயிருந்ததை நான்தான் பார்த்தேன்.

அப்புறம் அவள் வரவில்லை. அவளுக்குப் பதிலாக ஒருநாள் காலையில் அவளுடைய மாமியார் வந்தாள். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே குந்தினாள். திறந்திருந்த கூடத்துக்குள் பெண்கள் குண்டூசி குத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிஸ்டரிடம் பேசினாள்.

"அத வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. தூளி கட்டிப் போட்டு ஆட்டுறா. நானும் எம்மவனும் தொட்டா கத்துறா. ஒங்களுக்குத் தெரியாதா இது. வைக்கல்ல ஒரு உருவம் புடிச்சி அதுல ஊசி குத்துனா அதுக்குப் பேரு என்னா. வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு, வயித்துக்கு நேரா வச்சி, நாளெல்லாம் குத்தியிருக்கா. அப்பறம் எங்கேருந்து தங்கும்."

சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். மாமியார் விடவில்லை. "வர்ற வெள்ளிக்கெழம கோடாங்கிகிட்ட சொல்லியிருக்கு. அடிச்சி எறக்குவாரு. எறங்குனா வூட்டுல இருக்கட்டும். எறங்காட்டி அவ அண்ணங்காரன் வூட்டுல கொண்டுபோயி வுட்டுர்றது. எம்மவனுக்கு வேற பாக்கணும்."

கோடாங்கி உடுக்கையடித்து, சாட்டையால் அடித்துப் பேய் ஓட்டுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தலைமயிரைப் பிடித்து மரத்தோடு கட்டி வைப்பார்கள். பேய் போயிற்றோ இல்லையோ, அப்புறம் அந்தப் பெண் பழைய பெண்ணாக இருந்து நான் பார்த்தது இல்லை. அண்ணன் வீட்டில் அக்காவுக்கு ஒரு வேளைச் சோறுகூட நிம்மதியாகக் கிடைக்காது என்பதும் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தலையணை போய்விட்டால் ஒருவேளை இதெல்லாம் நின்றுவிடும் என்று சிஸ்டர் நினைத்தார். என்னைப் பார்த்தார். "நீ அடைச்சது மக்களே. நீ கேட்டா தருவா. போய் வாங்கிட்டு வா." கூட வர யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் கிளம்பினேன்.

மாமியார் முன்னால் நடந்தாள். நான் பின்னால். ஏரிக்கரை வழி. கருவேல மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் அவள் பாதையை விட்டு விலகி, கரையின் அந்தப் பக்கமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு ஏறினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். என்னையும் கையாட்டி அப்படியே வரச் சொன்னாள். அந்த இடத்தில் மண் புதிதாகவும் இல்லை, பழையதாகவும் இல்லை. மேலே முள் வெட்டிப் போட்டிருந்தது. நான் பார்க்காததுபோல் நடந்தேன்.

ஓட்டு வீடு. நடு வீட்டில் உத்தரத்திலிருந்து பழைய சேலையில் தூளி தொங்கியது. சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கண் இருட்டுக்குப் பழகின பிறகுதான் தெரிந்தது. தூளியில் கட்டின கயிறு தரை வழியாக வந்து, சுவரோரம் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் கால் பெருவிரலில் முடிந்திருந்தது. பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் வேலை செய்துகொண்டே அப்படித்தான் ஆட்டுவார்கள்.

"வா தங்கச்சி. மெதுவா பேசு" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சிஸ்டர் தலகாணி வாங்கிட்டு வரச் சொன்னாங்கக்கா."

அவள் வாசலைப் பார்த்தாள். மாமியார் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "எனக்குப் பித்துப் புடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள் அக்கா. "இத்தன வருசமா அதுல ஊசி குத்துனவ நான். உள்ள வைக்கல்னு எனக்குத் தெரியாதா."

"பின்ன ஏன்க்கா இப்படி."

அவள் கயிற்றை விரலிலிருந்து கழற்றினாள். எழுந்து தூளிக்குள் கையை விட்டுத் தலையணையை எடுத்தாள். உறையைக் கழற்றியிருந்தாள். வெறும் காடாத் துணி, பால் காய்ந்த இடமெல்லாம் விறைத்து மஞ்சளாக இருந்தது. "வயித்துல வச்சிருந்தேன், அந்தக் கனம் தெரியும். கையில தெரியல. கையில யாரும் குடுக்கவே இல்ல. ஒரு தடவ கையில தூக்கிப் பாத்துட்டேன்னா வுட்டுருவேன்" என்றாள். அதை என் மடியில் வைத்தாள். "இது ரொம்ப கனமா இருக்கு தங்கச்சி. நீ நல்லா அடச்சிட்ட. கொஞ்சம் எடுத்துடு."

நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். சிஸ்டர் அனுப்பியது அதற்குத்தான். ஆனால் அவள் கேட்டவிதம், ரவிக்கை இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் பிரித்துத் தை என்று தையற்காரியிடம் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு தையலைப் பிரித்தேன்.

இறுக்கி அடைத்த வைக்கோல் லேசில் வராது. விரலை விட்டு நெம்பி ஒரு பிடி உருவினேன். புளித்த பால் வாசமும் வாடின மல்லிகை வாசமும் மூக்கில் ஏறின. பையை அவளிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். "இன்னும்" என்று திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு பிடி எடுத்தேன். "இன்னும்." என் பக்கத்தில் வைக்கோல் குவிந்தது, பை தளர்ந்துகொண்டே வந்தது. முதலில் உருளையாக விறைப்பாக இருந்தது இப்போது நடுவில் தொய்ந்து, அவள் ஏந்தும்போது கைக்கு மேலே வழிந்தது. பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அடைத்த தலையணைகள் ஒன்றுகூட அப்படிச் சாய்ந்தது கிடையாது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

ஒரு தடவை வாங்கி ஏந்தினவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்தாள். அந்த முகத்தில் அதுவரைக்கும் இல்லாத ஒரு திகில் இருந்தது. "தெரியல" என்றாள். "இப்ப எனக்குத் தெரியல தங்கச்சி. முன்னாடி தெரிஞ்சிச்சி. நீ எடுக்க எடுக்க மறந்துட்டேன்." பையை என்னிடம் நீட்டினாள், திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "கொஞ்சம் போடு. இல்ல, எடு. இல்ல, வேணாம்." பேய் பிடிப்பது என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் போகவேண்டியதில்லை, இப்போதே நம் கண் முன்னால் அவள் கைவிட்டுப் போய்விடுவாள் என்று பட்டது. என் வேர்க்கிற கையில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுப்பதா வைப்பதா எனக்குத் தெரியவில்லை. நானும் அந்தப் பிள்ளையைப் பார்த்தவள் இல்லை.

வாசலில் நின்ற மாமியார் உள்ளே வந்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குந்தினாள். மருமகள் கையிலிருந்து பையை வாங்கினாள். கத்துவாள் என்று நான் நினைத்தேன். அக்கா கத்தவில்லை. மாமியார் அதை இடது கைமேல் படுக்கவைத்து, வலது கையை அடியில் கொடுத்து, லேசாக ஒரு தடவை உயர்த்தி இறக்கினாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற மாதிரி இருந்தாள்.

"இன்னும் ஒரு புடி எடு" என்றாள் என்னிடம்.

எடுத்தேன். திரும்பவும் ஏந்தினாள். பைக்குள் கையை விட்டு, வைக்கோலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட்டாள். "தல கனம் இந்தப் பக்கம் இருந்திச்சி" என்றாள். பிறகு வாயை மடித்து, தன் முந்தானையின் ஓரத்தைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டினாள். "இவ்வளவுதான். இவ்வளவுதான் இருந்திச்சி."

பிள்ளையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றுகிற மாதிரி, கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, அவள் அதை மருமகள் கையில் வைத்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய தோள் இறங்கியது. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று மாமியார் பின்னால் ஒருநாள் சொன்னாள்.

அங்கே எனக்கு வேலை இல்லை என்று புரிந்தது. எடுத்துப்போட்ட வைக்கோலை வாரிக்கொண்டு எழுந்தேன். வாசலில் கட்டியிருந்த மாட்டுக்கு முன்னால் போட்டேன். மாடு மோந்து பார்த்துவிட்டு மூச்சை ஊதியது. பின்னால் நகர்ந்து, கயிறு இழுக்கிற மட்டும் தள்ளிப் போய் நின்றது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"சிஸ்டர்கிட்ட சொல்லிடு பாப்பா" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "நாங்க வெள்ளிக்கெழம எங்கயும் போவல. தலகாணிக்கு எவ்வளவு ஆவுதோ கேட்டுக்கிட்டு வா, குடுத்துடறோம்."

சரி என்றேன். அவர்களுக்குக் கேட்டிருக்காது. அக்கா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்கு எப்படி, முடி இருந்ததா என்று கேட்டாள். மாமியார் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முடி நெற்றி வரைக்கும் இருந்தது, மூக்கு உன் மூக்குதான் என்றாள். மாமியார் ஒருத்தியே பார்த்ததை, இத்தனை நாளும் அவள் ஒருத்தியே தனக்குள் வைத்திருந்தாள்.

"அழுதுச்சா அத்த?"

நான் தெருவில் இறங்காமல் நின்றுவிட்டேன்.

"அழுதுச்சி. ஒரு தடவ. நீ மயக்கத்துல இருந்த."